பலகைக்கும் ஒரு வாட்டம்

தேயிலை மலைகளில் வசிக்கிற நமக்கு மரத்துக்குப் பஞ்சம் என்று சொல்ல யாதொரு நியாயமும் இல்லை. கொழுந்து மலைகளின் நடுவே நிழலுக்கென்று வரிசை பிடித்து நிற்கிற சவுக்கு (நான் சொல்வது கடற்கரை மணலில் வளரும் சவுக்கை அன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே வேரூன்றிவிட்ட கிரவில்லியாவை), காற்றைத் தடுக்கவும் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) அடுப்புக்கு விறகாகவும் நட்டுவைத்த யூகலிப்டஸ், ஓடைக் கரைகளில் தூனா, கொல்லைப்புறத்தில் அல்பீசியா என்று, கண்ணைத் திறந்தால் மரம்தான். ஆயினும் வீட்டுக்கு ஒரு கதவு, பிள்ளைகள் படிக்க ஒரு மேசை என்று வந்துவிட்டால், நம்மில் பெரும்பாலோர் மொரட்டுவையிலிருந்து லொறியேறி வரும் தளபாடத்தைத்தான் நாடுகிறோம். உள்ளூரில் அரிந்த பலகையில் செய்த கதவு ஆடி மழையில் உப்பி மூட மறுப்பதும், அதே கதவு மாசி வெயிலில் சுருங்கி, பொருத்துகள் வாய் பிளக்க நிற்பதும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். குற்றம் மரத்தினுடையதன்று, தச்சு பாஸினுடையதும் அன்று. ஈரம் அடங்காத பலகையில் உளியை வைத்ததுதான் குற்றம்.

அந்த ஈரத்தை அடக்குவதற்கு வீட்டுப் பின்புறத்திலேயே ஒரு சிறிய உலர்த்தும் கூண்டு கட்டிக்கொள்ளலாம் என்பதையும், அப்படிக் கட்டுவதற்கு வேண்டிய ஞானம் பெரும்பகுதியும் இந்த மலைகளில் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் எழுதவே உட்கார்ந்தேன். ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, நாம் செய்துவருகிற வேலைதான் என்ன? ஈரமுள்ள ஒரு பொருளிலிருந்து, அதன் குணம் கெடாதபடி, நிதானமாக ஈரத்தை வெளியேற்றுவது. கொழுந்துக்குச் செய்வதைப் பலகைக்கும் செய்யத் துணிவதே மிச்சம்.

ஈரத்தின் கணக்கு

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டோரில் டீமேக்கர் ஈரத்தைச் சொல்லும்போது மொத்த நிறையில் இத்தனை பங்கு நீர் என்று சொல்வார். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கும் மேல் நீர், வாட்டி முடிந்தபின் பாதிக்குச் சற்று மேல், உலர்த்தியிலிருந்து இறங்கும் தூளில் 3 சதவீதம் அளவில் என்பது அவருடைய கணக்கு. மரத்தை உலர்த்துகிறவர்களோ, நீரின் நிறையை முற்றும் உலர்ந்த மரத்தின் நிறையோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். ஆகையால் சில பச்சை மரங்களில் ஈரம் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று கேட்டால் திகைக்க வேண்டாம். கட்டையைவிட நீர் கனமாக இருக்கிறது என்பதே அதன் தாத்பரியம்.

மரத்தினுள் நீர் இரண்டு விதமாகத் தங்கியிருக்கிறது. ஒன்று, நுண்ணிய குழல்களுக்குள்ளே சும்மா நிரம்பியிருப்பது. மற்றொன்று, அந்தக் குழல்களின் சுவரிலேயே ஊறிப் பிடித்திருப்பது. குழலில் உள்ள நீர் வெளியேறும் வரையில் பலகை இலேசாகுமே தவிரச் சுருங்காது. அது தீர்ந்து, சுவரிலுள்ள நீர் புறப்படத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம். இந்த எல்லையை 1906ஆம் ஆண்டு வரையறுத்துச் சொன்னவர் ஹாரி டீமன் என்ற அமெரிக்க அறிஞர். வளைவு, முறுக்கு, வெடிப்பு முதலிய சகல துன்பங்களும் பெரிதும் இந்த எல்லைக்குக் கீழேதான் வெளிப்படுகின்றன. அவையும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நேர்வதில்லை. நீளவாட்டில் சுருக்கம் அற்பம். வளையங்களைத் தழுவிய திசையில் நேரும் சுருக்கமோ, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் நேர்வதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. இந்த ஏற்றத்தாழ்வினால்தான், அரிந்தபோது மட்டமாக இருந்த பலகை காய்ந்தபின் கோட்டம் விழுந்து நிற்கிறது.

கிரவில்லியாவில் இந்தப் பேதம் இன்னும் அதிகம். பச்சையிலிருந்து முற்றும் உலரும்வரை ஒரு திசையில் 3 சதவீதத்துக்கு உட்பட்டும், மற்றொரு திசையில் 8 சதவீதத்துக்கு அருகிலும் அது சுருங்குகிறது. நுவரெலியாவின் ஈரக்காற்றில் எத்தனை மாதம் வைத்தாலும் ஒரு பலகை 16, 17 சதவீதத்துக்குக் கீழே எளிதில் இறங்காது. ஏனெனில் மரம் தன்னைச் சூழ்ந்த காற்றோடு ஒரு சமநிலைக்கு வந்து அங்கேயே நின்றுவிடும் சுபாவமுடையது. அதே பலகையில் செய்த மேசை கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் போனால் 10 சதவீதத்தை நோக்கி இறங்கும். ஓர் அடி அகலமுள்ள பலகை அந்தப் பயணத்தில் 5 மில்லிமீற்றர் வரையில் குறுகக்கூடும். ஆணியும் பசையும் இறுகப் பிடித்திருக்கும்போது அத்தனை தூரம் குறுக இடமேது? வெடிக்கத்தான் வேண்டும். கூண்டு என்பது இந்த 17க்கும் 12க்கும் இடையிலுள்ள சில படிகளை இறங்குவதற்காக. அதற்கு மேலேயுள்ள நெடும்படிகளைக் காற்றே இலவசமாக இறக்கிக் கொடுக்கும்.

இதை எண்களால் பார்த்தால் மனத்தில் நன்றாகப் பதியும். 10 கன அடி சவுக்குப் பலகையை எடுத்துக்கொள்வோம். முற்றும் உலர்ந்த நிலையில் ஒரு கன மீற்றருக்கு 500 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த அடுக்கின் உலர் நிறை ஏறத்தாழ 140 கிலோ. 60 சதவீத ஈரத்தோடு நேரே கூண்டில் ஏற்றி 12 சதவீதத்துக்கு இறக்க வேண்டுமானால், 67 லீற்றர் நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு லீற்றருக்கு 0.65 அலகு மின்சாரம் என்ற கணக்கில், சுவர் வழியாக வீணாவதை விட்டுவிட்டாலும் 40 அலகுக்கு மேல் போய்விடும். அதே அடுக்கை முதலில் கொட்டிலின் நிழலில் 20 சதவீதத்துக்குக் காயவிட்டு ஏற்றினால், கூண்டு ஆவியாக்க வேண்டியது 11 லீற்றர் மாத்திரம். பொறுமைக்கு இவ்வளவு துல்லியமாக விலை போட்டுக் காட்டும் வேறொரு தொழிலை நான் அறியேன்.

மூடுபனியைக் கொண்டே உலர்த்துதல்

"இந்த மிஸ்ட்டில் பலகை எப்படிக் காயும்?" என்று கேட்பவர்கள் பலர். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று அற்றன் பக்கத்தை வந்து மோதத் தொடங்கினால் வாரக்கணக்கில் சூரிய தரிசனம் கிடைப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அந்த மாதங்களிலும் ஸ்டோரில் கொழுந்து வாடிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படி? வெளிக்காற்றை வெதுவெதுப்பாக்கி, விசிறியால் கொழுந்தின் ஊடே செலுத்துகிறார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

15 பாகை செல்சியஸ் குளிரில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 13 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதற்குமேல் ஒரு துளி வந்தாலும் பனியாக உதிர்த்துவிடும். நம்முடைய மூடுபனி அப்படி நிரம்பி வழிகிற காற்று. அதே காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால் அது 51 கிராம் வரையில் தாங்கவல்லது. கையில் இருப்பதோ 13 கிராம். ஆகவே நூற்றுக்கு நூறு ஈரமாயிருந்த காற்று, ஒரு துளி நீரையும் இழக்காமலே, நூற்றுக்கு இருபத்தைந்தே ஈரமுள்ள வறண்ட காற்றாகிவிடுகிறது. மலைக்காற்று குளிர்ந்ததாக இருப்பது இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பாக்கியம் என்றே சொல்லலாம். கொழும்பிலுள்ள 30 பாகைப் புழுக்கக் காற்று இப்படி எளிதில் வழிக்கு வராது.

இந்தத் தத்துவத்தை இயந்திரமாக்கியவர்களுள் முக்கியமானவர் பெல்பாஸ்ட் நகரத்தவரான சாமுவேல் டேவிட்சன். 1864இல் இந்தியாவின் கச்சார்த் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து, கரியடுப்பில் தேயிலையைக் காயவைக்கும் அவலத்தைக் கண்ணால் கண்டு, சூடான காற்றைக் கொண்டே உலர்த்தும் பொறியை அமைத்து, 1881இல் தமது ஊரில் சிரொக்கோ தொழிற்சாலையை நிறுவினார். சகாராவிலிருந்து வீசும் வெங்காற்றின் பெயர் அது. பிறகு அவர் உருவாக்கிய மையவிலக்கு விசிறி கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்டப் போயிற்று. அவருடைய ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: அடுப்பின் புகை குழாய்க்குள் போகும், சுத்தமான காற்று குழாயைத் தழுவிச் சூடேறி வரும், இரண்டும் ஒன்றையொன்று தீண்டா. தேயிலையில் புகை நாற்றம் ஏறக்கூடாது என்பதற்காகச் செய்த இந்த யுக்தி, உலர்ந்த பலகை அடுக்கின் பக்கத்தில் தீப்பொறி வரக்கூடாது என்ற நம்முடைய கவலைக்கும் அப்படியே பொருந்திவிடுகிறது.

கூண்டு கட்டும் விதம்

வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணி கிடைத்த தோட்டத்து மக்களும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 7 பேர்ச்சஸ் என்றால் 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். அதில் வீடு, படிக்கட்டு, மரக்கறிப் பாத்தி எல்லாம் போக, பத்தடிக்கு ஐந்தடி ஓரிடம் ஒதுக்கினால் போதும். என்னுடைய கூண்டின் உள்ளளவு நீளம் எட்டரை அடி, அகலம் நாலடி, உயரம் நாலடிக்குச் சற்று மேல். எட்டடிப் பலகை அதில் சௌகரியமாகக் கிடக்கும்.

சீமெந்துக் கற்களின் மேல் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, சலாகைகளால் சட்டம் கோத்து, உட்புறத்தில் கனமான பொலித்தீன், நடுவில் இரண்டங்குல ரிஜிபோம், வெளிப்புறத்தில் தகரம் என்று சுவர் மூன்று அடுக்காக அமைகிறது. பொலித்தீன் உட்புறத்தில்தான் இருக்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். அது வெளியே போய்விட்டால், பலகை விட்ட ஈரம் சுவருக்குள் புகுந்து, குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, சட்டத்தையே உளுக்கச் செய்யும்; பலகையைக் காயவைக்கக் கட்டிய வீடு தானே அழுகி விழும் பரிகாசத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. தரைக்கும் கதவுக்கும் இதே மரியாதை. கதவின் விளிம்பில் ரப்பர்ப் பட்டி ஒட்டி இறுக்க மூடும்படி செய்ய வேண்டும்.

கூரைக்கு ஒளி புகும் பொலிகார்பனேட் தகடு இரண்டு அடுக்கு, இடையே ஓரங்குலம் வெளி விட்டு. அதன் கீழே கறுப்பு வர்ணம் பூசிய தகரம். சூரியன் தகரத்தைச் சுட, விசிறி அந்தச் சூட்டை அடுக்குக்குள் தள்ளுகிறது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜீன் வெங்கர்ட் வகுத்த சூரியக் கூண்டில், பத்துப் பலகையடிக்கு ஒரு சதுர அடி ஒளிப்பரப்பு என்பது பிரமாணம். பலகையடி என்பது ஓரடிச் சதுரத்தில் ஓரங்குலக் கனம். நம்முடைய 10 கன அடி 120 பலகையடியாகிறது. 12 சதுர அடி போதும் என்று அது சொல்லும். பாதி நாள் மேகம் மூடிய ஊரில் அதை இருமடங்காகவும் அதற்கு மேலாகவும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நமது கூரை முப்பது சதுர அடிக்கு மேல் வருவதால் அந்தக் கவலை இல்லை. கூரைச் சரிவு அந்தந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்கட்டும் என்பது அங்கே சொல்லப்படும் விதி. நாம் இருப்பதோ 7 பாகை வடக்கில். அத்தனை மட்டமான கூரையில் நம் மழை நின்று குளமாகிவிடும். ஆகையால் 15 பாகையாவது சரித்து, தெற்கு நோக்கி இறக்கினேன். மலையில் வெயில் நம்பத்தக்கதாக அடிக்கும் தை, மாசி, பங்குனியில் சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்துதான் போகிறான்.

வெயிலில்லாத நாளுக்கு வெளியே ஒரு சிறு விறகடுப்பு. அதன் புகைக்குழாய் கூண்டின் அடிப்பாகத்தின் வழியே, கல் பதித்த தனி அறைக்குள் போய் வெளியேறுகிறது. குழாயைச் சுற்றிய காற்றுத்தான் உள்ளே வரும். அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இரவில் அதை எரிய விடக்கூடாது. வசதியுள்ளவர்கள் வீட்டு உபயோகத்துக்கான ஈரமுறிஞ்சிப் பொறியை வைக்கலாம். அது காற்றின் நீரைக் குளிர்ச்சுருளில் ஒதுக்கி, ஆவியாக்கச் செலவான சூட்டையும் மீட்டுத் தருகிறது. ஆனால் அத்தகைய பொறிகளில் பெரும்பாலானவை 35 பாகைக்கு மேலான சூட்டில் உழைக்கச் செய்யப்பட்டவை அல்ல. விசிறியும் அப்படியே, சாதாரண மேசை விசிறி ஈரத்திலும் சூட்டிலும் நெடுநாள் தாங்காது. சூடு தாங்கும் மோட்டாருள்ள எக்ஸோஸ்ட் விசிறி இரண்டு, ட்ரிப் சுவிட்சோடு கூடிய தனி வயர், தகுதியுள்ள மின்காரரின் கை. இந்த மூன்றிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடுக்கும் முறையில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பலகைக்குப் பலகை நடுவே முக்கால் அங்குலக் கனமுள்ள இடைக்குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து, மேலிருந்து கீழ்வரை எல்லாக் குச்சியும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி அடுக்க வேண்டும். ஒரு குச்சி இரண்டங்குலம் விலகினாலும், அதன் மேலுள்ள பாரமெல்லாம் அந்த இடத்தில் பலகையை அழுத்தி, காய்ந்தபின் நிமிர்த்தவே முடியாத ஒரு வளைவைப் பதித்துவிடும். குச்சிகள் உலர்ந்த மரமாக இருக்க வேண்டும். ஈரக் குச்சி தொட்ட இடத்தில் பூசணம் பிடித்துக் கறுப்புக் கோடு விழும். பலகையின் இரு தலைகளிலும் மெழுகோ தடித்த பெயின்றோ பூசிவிட வேண்டும். குழல்கள் திறந்திருக்கும் அந்த முனையிலேதான் நீர் விரைந்து ஓடி வெடிப்பைத் தொடங்கி வைக்கும். உச்சியில் கல்லோ சீமெந்துக் கட்டியோ பாரமாக ஏற்றி, அடுக்குக்கு மேலும் பக்கத்திலும் உள்ள இடைவெளியைப் படங்கால் மறைக்க வேண்டும். காற்று எப்போதும் சுலபமான வழியையே நாடும். அந்த வழியை அடைத்தால்தான் அது பலகைகளின் நடுவே புகும்.

நிதானம் என்ற மருந்து

கூண்டை நடத்துவதற்கு வேண்டிய கருவி, நமது ஸ்டோர்களின் வாட்டும் மாடியில் தொங்கிக்கொண்டிருப்பதுதான்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உஷ்ணமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியதானால் காற்று ஈரமானது, பெரியதானால் வறண்டது. முதற்கட்டத்தில் உலர்குமிழ் 38 பாகையிலும் ஈரக்குமிழ் 35 பாகையிலும் நிற்கும்படி ஈரக்காற்று வெளியேறக் கூண்டுச் சுவரில் விட்ட காற்றுவாயைச் சிறிதே திறந்து வைக்கிறேன். அந்தக் காற்றில் மரம் 15 சதவீதத்துக்கு அருகில்தான் சமநிலை அடையும், ஆகவே மேற்பரப்பு பதறாது. பலகை இறங்க இறங்கச் சூட்டைக் கூட்டி, வாயைத் திறந்து, கடைசியில் 45க்கும் 35க்கும் கொண்டுவருகிறேன். அந்தக் காற்று 9 சதவீதம் வரையில் இழுக்கும் வலிமை உள்ளது.

எங்கள் பக்கத்து வீட்டில் இளைப்பாறிய டீமேக்கர் ஒருவர் இருக்கிறார். முதல் அடுக்கு ஏற்றியிருந்த சமயம் வந்தவர், காற்றுவாயில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு மூக்கை வைத்தார்.

"என்ன தம்பி, கொழுந்துக்கு வாட்டம் பாக்கிற மாதிரி பலகைக்கும் பாக்கிறீங்களா?"

"ஆமாங்க ஐயா. இன்னும் கொஞ்சம் சூடு ஏத்தலாமான்னு யோசிக்கிறேன்."

"ஏத்தாதீங்க. அவசரப்பட்டு ட்ரையர்ல சூட்டைக் கூட்டுனா தூளு மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்கு ஈரம் நிக்கும். பெட்டியில போட்டா கொஞ்ச நாள்ல கெட்டுப்போயிரும். மரத்துக்கும் அந்தக் கதிதானே?"

அந்தக் கதியேதான். தேயிலைக்காரர்களும் மரத்துக்காரர்களும் கேஸ் ஹார்டனிங் என்ற ஒரே பெயரால் அழைக்கிற குற்றம் அது. மேற்பரப்பு விரைந்து காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே இன்னும் ஊறிக்கிடக்கும் மரம் அதைச் சுருங்க விடாது. இந்த இழுபறியில் மேல்தோல் நீண்ட நிலையிலேயே உறைந்துவிடும். பின்னர் உள்ளே காய்ந்து சுருங்க முயலும்போது, இப்போது மேல்தோல் அதைத் தடுக்கும். பார்வைக்கு அழகாயிருக்கிற பலகை, வாளுக்குள் போனதும் இறுகிப் பிடித்துக்கொள்வது இந்த அந்தரங்கச் சண்டையினால்தான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்றிருக்கிறது. பலகையின் குறுக்கே முக்கால் அங்குலத் துண்டு ஒன்றை அறுத்து, அதன் கனத்தின் நடுப்பகுதியை வாளால் நீக்கி, இரண்டு கால்களுள்ள கவராக ஆக்கிப் பார்க்க வேண்டும். கால்கள் நேராக நின்றால் பலகை சமாதானத்தில் இருக்கிறது. உள்நோக்கிக் குவிந்து ஒன்றையொன்று தொட்டால், இழுவிசை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்; கூண்டுக்குள் கொதிநீர்ப் பாத்திரம் வைத்து ஈரத்தை ஏற்றி, ஒரு பகல் அப்படியே விட்டால் மேல்தோல் சற்று இளகி, அந்த இழுவிசை பெரும்பாலும் தணிந்துபோகும்.

ஈரத்தை அளக்க ஊசி வைத்த ஈரமானி கடைகளில் கிடைக்கிறது. ஆனால் தராசைப்போல் நம்பத்தக்கது வேறில்லை. பலகையின் தலைப்பக்கத்தை விட்டு நடுவிலிருந்து அறுத்த ஒரு துண்டு 312 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓவனில் 103 பாகையில், நிறை மேலும் குறையாத வரை வைத்து எடுத்தபோது 208 கிராம். போனது 104, 208இல் பாதி. ஆகவே ஈரம் 50 சதவீதம். இந்த ஓர் எண் தெரிந்துவிட்டால், அதே பலகையின் மிச்சப்பகுதியை அடுக்கில் எளிதாக உருவும்படி வைத்து, காலைதோறும் நிறுத்து, அடுக்கு முழுவதன் போக்கையும் சொல்லிவிடலாம். கொழுந்து ஓர் இரவில் வாடிவிடும். ஓரங்குலப் பலகையோ வாரங்கள் கேட்கும். இலைக்குத் தோல் மாத்திரம் உண்டு, மரத்துக்கு ஆழம் உண்டு. ஆழத்திலிருந்து நீர் மேலே வரும் வேகத்தை நாம் மீற முடியாது. எங்கள் வீட்டில் புழங்கும் சாமானுக்கு 13, 14 சதவீதத்தில் நிறுத்துகிறேன். கொழும்புக்குப் போகிறதென்றால் 10, 11.

எந்த மரம், எந்த ஜாக்கிரதை

தொடக்கத்துக்குச் சவுக்குதான் உத்தமம். ஓரளவு பதமாகக் காயும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாட்டில் அரிந்தால், கதிர் ரேகைகள் பலகை முகத்தில் மீன் செதில்களாகப் பளபளக்கும். ஆனால் அதன் சாறும் தூளும் சிலருடைய தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இழைக்க வேண்டாம். தூனாவும் சாதுவான மரமே.

யூகலிப்டஸ் வேறு ஜாதி. வெளியே ஈரக்காற்றில் நெடுங்காலம் பொறுமையாகக் காயவிடாமல் அதைச் சூட்டுக்குள் தள்ளினால், உள்ளேயுள்ள குழல்கள் நீர் வெளியேறும் இழுவையைத் தாங்காமல் நசுங்கிப்போகும். பலகையின் முகம் துவைத்த துணிபோல் அலையலையாகச் சுருங்கி, நடுவில் வெளியே தெரியாத வெடிப்புகளும் விழும். அரிந்தவுடனேயே வில்லாக வளையும் பழக்கமும் அதற்கு உண்டு. நாலைந்து அடுக்கு சவுக்கில் கை பழகிய பின்பு அதைத் தொடுவது நல்லது.

அல்பீசியா போன்ற மென்மையான மரங்களுக்கும், பல மரங்களின் வைரம் பாயாத வெளிப்பகுதிக்கும், தூள் வண்டு ஓர் ஆபத்து. ஏற்றுமதிப் பெட்டி மரங்களுக்குச் சர்வதேச விதி, மரத்தின் நடுவில் 56 பாகை சூடு 30 நிமிடம் நிற்க வேண்டும் என்பது. சூரியக் கூண்டு அந்த எல்லையை எட்டுமென்று நம்பியிருக்க முடியாது. பச்சையாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் தோய்த்து, மூடி வைத்து, பின்பு காயப்போடுவது வழக்கமான பரிகாரம்.

இன்னொன்றையும் சொல்லிவைக்க வேண்டும். கோப்பிக் காலத்தில் காடுகள் மொட்டையானதைக் கண்டுதான், 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடவே கூடாது என்று எச்சரித்தார். ஆகையால் நமக்கு உரியது நட்டு வளர்த்த மரம் மாத்திரமே. அதிலும் தோட்டத்து மரம் தோட்டத்துக்குச் சொந்தம். வெட்டவும் ஏற்றிச் செல்லவும் பல இனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரம் காட்டக்கூடிய மர ஆலையில் பில்லோடு வாங்குவதே நிம்மதி.

இவ்வளவு சிரமப்பட்டு ஒரு மேசை செய்வதைவிடக் கடையில் வாங்கிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். தனியொரு வீட்டுக்கு அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு டிவிஷனில் நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூண்டு வைத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது. இந்த மலைகளிலிருந்து சவுக்கு, கட்டையாகவும் பச்சைப் பலகையாகவும் மலிவு விலைக்குக் கீழே இறங்குகிறது; தளபாடமாகத் திரும்பி ஏறி வரும்போது பன்மடங்கு விலை கேட்கிறது. நடுவே கூடிய பெறுமதியில் ஒரு பங்கு தச்சனுடைய கைக்கு. மற்றொரு பங்கு, மரத்தை நிதானமாக உலர வைத்த காலத்துக்கு. அந்தக் கை நம்மிடத்தில் இருக்கிறது. ஈரக்குமிழைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருந்து காற்றை ஆளுகிற வித்தையை இங்கே தலைமுறை தலைமுறையாகச் சம்பளத்துக்குச் செய்துவருகிறார்கள். அதையே தங்கள் சொந்தக் கணக்கில், சொந்தக் காணியில் செய்வதற்கு வேண்டியது, எடுத்துச் சொல்ல ஒருவரும் தொடங்கிவைக்க நாலு பேரும்தான். தொடங்க எண்ணுகிறவர்கள் கூண்டுக்கு முன்னால் கொட்டிலைப் போடுங்கள். இடைக்குச்சிகளை இந்த மழைக்காலத்திலேயே அரிந்து, அடுப்பங்கரைப் பரணில் காயவையுங்கள். மார்கழி முடிவில் பலகை வாங்கி அடுக்கினால், பங்குனி வரையிலான வெயிலை மரம் ஒரு நாளும் வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளும்.